சோலைமலை நடிக்காத படம்

லிந்துலைக்கு மேலே நாகமலைத் தோட்டத்தில் "சினிமா சோலைமலை வீடு எது?" என்று கேட்டால் கைக்குழந்தையைத் தவிர எல்லாரும் வழி சொல்வார்கள். போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்றாம் லயம், கடைசிக் காம்பிரா, ஒரே ஓர் அறை. கதவுக்கு வெளியே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி செருகியிருக்கும். உள்ளே, மூக்கும் காதும் மட்டும் தாராளமாக வளர்ந்து மற்றதெல்லாம் பாதியில் நின்றுபோன ஒரு மனிதர் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

இந்த மூக்குக்காக ஒரு நாடே அவரை வேண்டாம் என்றது. மூக்கைப் பற்றி எழுதுவது கண்ணியமில்லை என்று நினைப்பவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

முப்பத்தேழாம் ஆண்டு வாக்கில் சோலைமலைக்கு இளவயது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்தால் பாட்டு வந்துவிடும். பாட்டு வருமே தவிரப் பாட வராது. ஒருநாள் அவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது கீழே பாதையில் வந்த துரையின் குதிரை மிரண்டது. துரை விழவில்லை, விழுந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்பார்கள். அன்று மாலையே பெரிய கங்காணி வீட்டிலிருந்து பிரம்போடு இரண்டு பேர் புறப்பட்டார்கள். சோலைமலை அவர்களுக்கு முன்னால் புறப்பட்டுவிட்டார்.

பற்றுச்சீட்டு இல்லாமல் ஓடியதுதான் பிசகு. ஒரு தோட்டத்துத் துரை விடுவித்ததாகச் சீட்டுக் கொடுத்தால்தான் மறு தோட்டத்தில் பேர் பதிவார்கள். சீட்டில்லாதவனுக்கு, வேறு எவரும் செய்ய வராத வேலை மட்டும் கிடைக்கும். இதே மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவ ஆள் இல்லாமல் இருந்தது. அங்கே அழகன் என்று பேர் கொடுத்துச் சேர்ந்தார். கொஞ்சமும் பொருந்தாத பேர் என்பதால் யாரும் சந்தேகிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் போயிற்று. இங்கே பழைய கங்காணி செத்து மகன் வீரய்யா பெரிய கங்காணி ஆனார், துரையும் மாறினார். சோலைமலை திரும்பி வந்தார்.

"எங்கடா போயிருந்த?" என்றார் வீரய்யா.

"ஊருக்கு" என்றார் சோலைமலை.

ஊர் என்றால் எங்கள் ஆட்களுக்கு இந்தியா. இங்கேயே பிறந்து, இங்கேயே அட்டைக்கு இரத்தம் கொடுத்து வளர்ந்தவனும், அந்தக் கரையைக் கண்ணால் பார்க்காதவனும் ஊர் என்று சொல்வது அதைத்தான். கக்கூஸ் கழுவினேன் என்று சொல்லியிருந்தால் அவரை எந்த வீட்டிலும் உள்ளே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் கொடுத்தாலும் சிரட்டையில் கொடுத்திருப்பார்கள். துரைமார் நம்மை ஒரே கூலிக்கூட்டமாகப் பார்க்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் லயத்துக்குள்ளே எத்தனை படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. அதை எழுதினால் பத்திரிகைக்குக் கல் வரும்.

ஆகவே ஊர். அதோடு விஷயம் முடிந்திருக்கும். பேசும் படம் வந்து கெடுத்தது.

நாற்பத்தொன்பதில் மாரியம்மன் திருவிழாவுக்குப் படம் காட்டுவதென்று முடிவாயிற்று. லிந்துலைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மஃறூப் நானாவிடம் ஒரு படக்கருவியும் லொறியும் இருந்தன. பக்திப் படம் ஒன்று சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டி, சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சாமி படத்துப் பெட்டி வேறு ரயிலில் ஏறிவிட்டது. வந்திருந்தது, இனாமாகப் போடும் ஒரு துண்டுப் படம் மட்டும். பேசும் படம் வந்த புதிதில் எடுத்த சிரிப்புப் படம். தலைப்பு, நடிகர் பேர் எல்லாம் அறுந்துபோய், நேராக ஒருவன் உதைபடுவதிலிருந்து ஆரம்பித்தது.

கதை இதுதான். ஒரு சங்கீத வித்துவானுக்கு ஒரு மகள். பாடத் தெரிந்தவனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்கிறார். அவளை விரும்பும் கதாநாயகனுக்குப் பாட்டு வராது. நன்றாகப் பாடும் நண்பனை ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் உட்காரவைத்து, பெட்டிமேல் தான் சப்பணம் போட்டு உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிறான். வித்துவான் சொக்கிப்போகிறார். பெட்டிக்குள் எலி புகுந்ததும் ராகம் தறிகெட்டு ஓடுகிறது. மேலே இருப்பவன் அதற்கும் வாயசைக்கிறான். கடைசியில் பெட்டி உடைந்து, தன் குரலில் பாடிக் காட்ட வேண்டி வருகிறது. அந்தக் குரலைக் கேட்டு வித்துவான் தம்புராவைத் தூக்கி அடிக்கிறார். பெண் பெட்டிக்காரனோடு போய்விடுகிறாள்.

வேறு படம் இல்லாததால் நானா இதையே மறுபடி மறுபடி ஓட்டினார். இரண்டாம் தடவை ஓடும்போது கூட்டத்தில் ஒரு குரல்.

"டேய், அந்த மூக்கப் பாருங்கடா!"

"சோலமல மூக்குல்ல அது!"

"மூக்கு மட்டுமா? காதும் அவனோடதுதான்."

"எலே சோலமல, எந்திரிச்சு மூஞ்சியக் காட்டு!"

நானா படத்தை நிறுத்தி டோர்ச்சை அவர் முகத்தில் அடித்தார். சனம் திரையை நினைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தது. உண்மையாகவே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. சென்னையில் யாரோ ஒரு நடிகனுக்கும் நாகமலைத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரனுக்கும் கடவுள் ஒரே மூக்கைச் செய்து கொடுத்திருந்தார். அவருக்கும் சில நாள் அலுப்பாக இருக்கும்.

வீரய்யா எழுந்து நின்றார். "அப்ப ஒன்றர வருசம் ஊருக்குப் போனேன்னு சொன்னது இதுக்குத்தானாடா? கள்ளப்பயலே, சொல்லவே இல்லியே!"

இல்லை என்று சொல்லத்தான் சோலைமலை வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் இரண்டாம் வரிசையில் இருந்த சண்முகவடிவு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதுவரைக்கும் அவரை ஏறெடுத்துப் பார்க்காதவள். சோலைமலை வாயை மூடிக்கொண்டார். அதுவரை அவர் வாழ்க்கையில் செய்த நடிப்பு என்றால் அது ஒன்றுதான்.

அதன் பிறகு கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசைப் பாய். கங்காணி வீட்டில் நாற்காலி. "வாங்க சோலமல" என்று மரியாதை. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, "அண்ணே, அந்தக் கட்டத்த ஒருக்காச் செஞ்சு காட்டுங்க" என்பார்கள். செய்வார். பத்து மாதத்தில் சண்முகவடிவு அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பன் மட்டும், "சினிமாக்காரன் எங்கயாச்சும் விட்டுட்டு ஓடிருவானோ" என்று பயந்தான். அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

இதற்குள் சுதந்திரமும் வந்திருந்தது. எங்களுக்கு அது வந்த விதம் தெரியும். முதல் வேலையாக, நீங்கள் யார் என்று கேட்டது. இந்தத் தீவில் தொடர்ந்து வசித்தவர்கள் என்று சாட்சியோடு காட்டினால் குடியுரிமை, இல்லையென்றால் நாடில்லாதவர். அந்தக் காலத்தில் கல்யாணமாகாமல் இருந்தவர்கள் முப்பத்தாறாம் ஆண்டிலிருந்து கணக்குக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அறுந்தது. இங்கே சாவதற்குச் சாட்சி கேட்கவில்லை, வாழ்வதற்குத்தான் கேட்டார்கள்.

சோலைமலை கடலைக்கூடத் தாண்டியதில்லை. பார்த்ததும் இல்லை. அவருக்கு இல்லாத தகுதி எவருக்கும் இருக்க முடியாது. பெண்டாட்டி பிள்ளையையும் சேர்த்து மனுப் போட்டார். அது கிடைத்தால் மகள் இந்த நாட்டுக்காரி. இல்லையென்றால் மூன்று பேரும் எந்த நாளும் ஏற்றுமதிச் சரக்கு. ஐம்பத்தாறில் நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

முதல்நாள் வீரய்யாவிடம் தனியாகப் போனார். "கங்காணியாரே, சாட்சி சொல்லும்போது இந்தத் தோட்டத்துலயேதான் இருந்தேன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் படத்துக் கத வேணாம்."

"எனக்குத் தெரியாதா? நீ கவலப்படாமப் போ" என்றார் வீரய்யா.

அவருக்குத் தெரிந்தது வேறு. இரவெல்லாம் யோசித்திருக்கிறார். கூலிக்காரனுக்குக் குடியுரிமை கொடுக்க இழுத்தடிப்பார்கள், சரி. பேசும் படத்தில் நடித்தவனுக்குமா? கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் தோட்டங்களில் எப்போதாவதுதான் பூக்கும். அது விசாரணை நாளைப் பார்த்துப் பூத்தது.

விசாரணை ஐயா இங்கிலீஷ்காரரைவிட நன்றாக இங்கிலீஷ் பேசும் சிங்களவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து முதலியார்.

"நீர் இந்தத் தீவை விட்டு எப்பவாவது வெளியிலை போனீரோ?" என்றார் முதலியார்.

"இல்லீங்க."

வீரய்யாவைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு காலமாக இவரைத் தெரியும் என்று கேட்டார்கள்.

"சின்னப் புள்ளையிலயிருந்து தெரியுங்க. இங்கேயே பொறந்து வளந்தவருங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். தொண்டையைச் செருமினார்.

"ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணுங்க. இவரு லேசுப்பட்ட ஆளு இல்லீங்க. மெட்ராசுக்குப் போயி பேசும் படத்துல நடிச்சவருங்க. பெட்டிக்குள்ள ஒருத்தன் பாட, இவரு மேல குந்திக்கிட்டு வாயசைப்பாருங்க. எங்க தோட்டமே பாத்துச்சுங்க."

முதலியாரின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. "பெட்டிக்குள்ளை எலி பூருறதோ? நான் கொழும்பிலை படிக்கேக்கை மூண்டு தரம் பாத்தனான்!" சோலைமலையை உற்றுப் பார்த்தார். "ஓமோம், இவர்தான். அந்த மூக்கு!" ஐயாவிடம் இங்கிலீஷில் சொன்னார். காலையிலிருந்து சிரிக்காத ஐயா சிரித்தார். சிரித்துக்கொண்டே, அது எந்தக் காலம் என்று கேட்டார்.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டுங்க. ஒன்றர வருசம்" என்றார் வீரய்யா பெருமையோடு.

சோலைமலைக்கு இனி ஒரே வழிதான். அறையில் பெண்டாட்டி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், தோட்டத்திலிருந்து சாட்சிக்கு வந்த அத்தனை பேரும் வாசலில் நிற்கிறார்கள்.

"அது நான் இல்லீங்க ஐயா. நான் உடப்புசல்லாவையில இருந்தேனுங்க. தோட்டத்து ஆசுபத்திரியில கக்கூசு கழுவினேனுங்க. சத்தியமுங்க."

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பயத்துல உளர்றாருங்க" என்றார் வீரய்யா. "இவ்ளோ பெரிய ஆளு அந்த வேல செய்வாருங்களா? எங்க ஆளுக அதுக்குப் போறதில்லீங்க."

அங்கே பேர்ப் பதிவு உண்டா என்று ஐயா கேட்டார்.

"இருக்குங்க. அழகன்னு பேரு குடுத்திருந்தேனுங்க."

"உமக்கு மொத்தம் எத்தினை பேர்?" என்றார் முதலியார். மறுபடி சிரிப்பு. அங்கே உங்களைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்றார். கக்கூஸ் கழுவுகிறவனின் முகத்தை யார் பார்த்து வைத்திருப்பார்கள்? பார்க்காமல் இருப்பதற்குத்தானே அத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

ஐயா பேனாவை மூடிவைத்து ஏதோ சொன்னார்.

"ஒருக்காப் பாடிக் காட்டட்டாம். ஐயாவுக்கு ஆசையாக் கிடக்காம்" என்றார் முதலியார்.

சோலைமலைக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. சினிமாக்காரர்கள் பாடத் தெரிந்தவர்கள். தன் குரலைக் கேட்டால் குருடனுக்கும் உண்மை விளங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, மறைக்காமல், உள்ளபடி பாடினார். தன் வாழ்நாளிலேயே அவ்வளவு மோசமாகப் பாடியதில்லை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

முதலியார் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அச்சொட்டாய் அதே குரல், சேர்! கடைசியிலை பெட்டி உடைஞ்ச பிறகு இப்பிடித்தான் பாடுவார்!" என்றார்.

பாடத் தெரியாதவனாக நடித்த நடிகனின் குரல் இப்படித்தான் இருக்கும் என்பது சோலைமலைக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக ஐயா சண்முகவடிவைப் பார்த்தார். "உம்முடைய புருசன் அந்தப் படத்திலை நடிச்சவரோ?" என்று முதலியார் கேட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் வாசலைப் பார்த்தாள். நாகமலைத் தோட்டம் முழுவதும் அங்கே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதப் பாத்துட்டுத்தானுங்க நான் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

ஐயா எழுதினார்.

திரும்பி வரும்போது சண்முகவடிவு பஸ்ஸிலிருந்து தலவாக்கலையில் இறங்கி நடக்கத் தொடங்கி, மற்றவர்கள் முன்னால் போனபிறகு கேட்டாள்.

"கக்கூசு கழுவினது நெசமா?"

"நெசம்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். "இனிமே அத யாருகிட்டயும் சொல்லாதீங்க. பொம்பளப் புள்ளைய வச்சிருக்கோம். நாளைக்கு ஒருத்தன் வந்து கட்ட வேணாமா?" பிறகு, "நல்ல வேள, அங்க ஒருத்தரும் நம்பல" என்றாள்.

மனு தள்ளுபடி என்று காகிதம் வந்தது. வீரய்யாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. அவர் சோலைமலை வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். "படத்துல நடிச்சவனுக்கே குடுக்கல. இந்த நாடு எங்க உருப்படப் போகுது?" அவருடைய கோபம் உண்மையானது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சண்முகவடிவு அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அறுபத்துநான்கில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இவ்வளவு இலட்சம் உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். சந்தையில் மாடு பிரித்தால்கூட மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. இந்தியாவுக்குப் போகிறவர்கள் பூர்வீக ஊர் சொல்ல வேண்டும் என்றார்கள். சோலைமலையின் அப்பன் எங்கிருந்து கப்பலேறினான் என்பது அப்பனோடு போயிற்று.

"மெட்ராஸ்னே சொல்லு. அங்கதான உன்னைய எல்லாருக்கும் தெரியும்" என்றார் வீரய்யா. அப்படியே பதிந்தார்கள்.

கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போக வேண்டிய வீட்டுக்காரர்கள் பொழுது சாய்ந்தால் சோலைமலையின் காம்பிராவுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். அந்தப் பக்கம் போய் இருந்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணே, மெட்ராசுல தண்ணி எப்புடி?"

"மலையிலேருந்து வர்ற பீலித் தண்ணிதான். நல்லா வரும்."

"வேல?"

"காலையில பெரட்டுக்குப் போகணும்."

"வெயிலா, குளிரா?"

சோலைமலை வாழ்நாளில் தங்கிப் பார்த்த வெளியூர் உடப்புசல்லாவை ஒன்றுதான். உண்மையைச் சொல்லிப் பார்த்த மனிதர். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் தெரிந்தவர். "காலையில பனி இருக்கும்" என்றார். "ராத்திரிக்குக் கம்பளி இல்லாம முடியாது."

இப்படியாக, மெட்ராஸ் பட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, மலை உச்சியில் போய் நின்றது.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மஃறூப் நானாவின் கடையில் கூட்டம். எல்லாரும் கம்பளி கேட்டார்கள். நானாவுக்கு விளங்கவில்லை.

"ஊருக்குப் போறவங்களுக்கு ஏம்மா கம்பளி? மெட்ராஸ்ல இடுப்புத் துணியே பாரமா இருக்கும். வேர்த்து ஊத்துற ஊரு."

அடுத்த காம்பிரா நாகலெட்சுமி விடவில்லை. "போங்க நானா. படப்பெட்டி வாங்க நாலு நாளு போயிட்டு வந்துட்டு எங்களுக்குச் சொல்ல வந்துட்டீங்க. எங்கண்ணன் ஒன்றர வருசம் இருந்தவரு!"

"நான் வேணாம்னா சொல்றேன்? வித்தா எனக்குத்தானே லாபம்" என்றார் நானா. "அந்த மனுசனையே கேளுங்க. சோலமல, நீயே சொல்லு. அங்க குளிருமா, வேர்க்குமா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சோலைமலை பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் மகள் ஒரு சீட்டித் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடை வாசலில், மாப்பிள்ளை வயதில் மகன் வைத்திருக்கும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"குளிரத்தான் செய்யும் நானா" என்றாள் சண்முகவடிவு. "அவரு சொல்லியிருக்காரு. எங்களுக்கும் மூணு எடுங்க. நல்லாத் தடிச்சதாப் பாத்து."

நானா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துவந்து மேல்தட்டில் சாய்த்தார்.